நேரம் தவறாத இரு கோட்டங்கள்

உலகத்தில் இதுவரை ஓடிய, இப்போது ஓடுகிற, இனிமேல் ஓடப்போகிற ரயில் தடங்களிலேயே 'தாமதம்' என்ற சொல்லை அகராதியில் மட்டும் பார்த்திருக்கும் தடம் எங்களுடையது ஒன்றுதான். இதை நான் சொல்லவில்லை. வரலாறு சொல்கிறது. அந்த வரலாற்றை எழுதியவன் நான் என்பது தனி விஷயம்.

தடம் ஒன்றும் நீளமானதல்ல. கிழக்கு முனையில் எங்கள் ஊர், மேற்கு முனையில் பெரிய ஊர். நடுவில் வயல், செங்கல் சூளை, ஒரு சதுப்பு நிலம். காலையில் ஒரு ரயில் போகும். மாலையில் அதே ரயில், மனசிருந்தால், திரும்பி வரும். இவ்வளவு குட்டித் தடத்துக்கு எதற்குத் தலையணை அளவில் ஒரு வரலாறு என்று சிலர் கேட்டார்கள். துணி சின்னதாக இருந்தால் கரையை அகலமாகப் போட்டு விற்பது எங்கள் கடைப் பழக்கம். அந்தப் பழக்கத்தை வரலாற்றுத் துறைக்கு அறிமுகப்படுத்திய பெருமை எனக்கு உண்டு.

ஆம், கடைதான். எங்களுடையது மொத்த ஜவுளி வியாபாரக் குடும்பம். பேரம் எங்களுக்குத் தாய்மொழி. எங்கள் வீட்டில் பிறக்கும் குழந்தை பசிக்கு அழும்போதே இரண்டு பங்காக அழும். கடைசியில் பாதிக்குத்தான் படியும் என்று அதற்குத் தெரியும். அப்படி வளர்ந்த நான் கடைக்கு விளம்பரம் எழுதப் போய், விளம்பரத்தில் பேர் வாங்கி, 'எழுத்தாளர்' ஆனேன். தடத்தின் நூற்றாண்டு விழாவுக்கு வரலாறு எழுத ஆள் தேடியபோது பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் நடந்ததை எழுதிவிடுவார்கள் என்ற அச்சம் நிர்வாகத்துக்கு இருந்தது. என்னிடம் அந்த ஆபத்து இல்லை.

எனக்கு வாழ்நாள் இலவசப் பயணச் சீட்டு கொடுத்தார்கள். ஸ்டேஷன் மாடியில் ஒரு அறை, வாசலில் 'வரலாற்று ஆலோசகர்' என்று ஒரு பலகை, உள்ளே ஒரு சுழல் நாற்காலி. நாற்காலி ஒரு பக்கமாக மட்டும்தான் சுழலும். ஆலோசகருக்கு அது போதும்.

வரலாற்றுக்கு வருகிறேன்.

ஆதியில் தடம் ஒன்றாக இருந்தது. அதற்கு ஒரே ஒரு மேலாளர். ரயில் நேரத்துக்கு வராவிட்டால் அவரைத்தான் திட்ட வேண்டும். இரு ஊர்க்காரர்களும் திட்டினார்கள். ஒரு மனிதன் எவ்வளவு வசவைத்தான் தாங்குவான்? இந்த மனிதாபிமானக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் மாபெரும் நிர்வாகச் சீர்திருத்தம். தடத்தை இரண்டு கோட்டங்களாகப் பிரித்தால் வசவும் இரண்டாகப் பிரியும். கிழக்குக் கோட்டம், மேற்குக் கோட்டம். 'கோட்டம்' என்ற சொல்லுக்குக் கோணல் என்றும் ஒரு பொருள் உண்டு. அது தற்செயல் என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன்.

பிரிப்பது என்று முடிவானதும் எல்லை எங்கே என்ற கேள்வி எழுந்தது. நடுவில்தான் அந்தச் சதுப்பு. மழை பெய்தால் தண்டவாளம் ஒரு பக்கமாகச் சாயும். கல் கொட்டக் கொட்ட உள்ளே போகும். அந்த இடம் யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில் கல்.

"சதுப்புக்கு இந்தப் பக்கத்தோட எங்க எல்லை முடிஞ்சுடுது" என்றார் கிழக்கு அதிகாரி.

"சதுப்புக்கு அந்தப் பக்கம்தான் எங்களுக்கு ஆரம்பமே" என்றார் மேற்கு அதிகாரி.

பேச்சு நாள் கணக்கில் நீண்டது. கடைசியில் ஒரு மத்தியஸ்தரைக் கூப்பிட்டார்கள். அவர் என் பெரியப்பா. ரயில்வேக்குப் பச்சைக் கொடித் துணியும் சிவப்புக் கொடித் துணியும் கொடுத்துக்கொண்டிருந்தவர். இரண்டு நிறத்தையும் ஒரே முகத்தோடு விற்றவர். அவரைவிட நடுநிலையான ஆள் கிடைப்பாரா?

பெரியப்பா நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். வியாபாரத்தில் விற்கிறவன் ஏற்றிச் சொல்வான், வாங்குகிறவன் இறக்கிக் கேட்பான், நடுவில் எங்கோ கை சேரும். இங்கே இரண்டு பேரும் விற்கிறவர்கள். வாங்க ஆளே இல்லை.

"ஐயா, உங்க கடைசி வார்த்தை என்ன?" என்று கிழக்கைக் கேட்டார்.

"இந்தப் பக்கம்."

"ஐயா, உங்களது?"

"அந்தப் பக்கம்."

"ரெண்டு பேர் சொன்னதும் படிஞ்சாச்சு. கையைக் குடுங்க!"

பேரத்தின் வரலாற்றிலேயே இரு தரப்பும் தாங்கள் கேட்டதை முழுசாகப் பெற்ற ஒரே பேரம் அதுதான். சதுப்பின் இந்தக் கரையில் 'கிழக்குக் கோட்டம் முடிவு' என்று ஒரு பலகை நட்டார்கள். அந்தக் கரையில் 'மேற்குக் கோட்டம் ஆரம்பம்' என்று ஒரு பலகை. நடுவில் ஒரு ரயில் முழுசாக நிற்கும் அளவுக்கு, இன்னும் கொஞ்சம் தாராளமாகவே, யாருக்கும் சொந்தமில்லாத தடம். கடையில் துணி வெட்டி விற்றதுபோக மிஞ்சும் துண்டை நாங்கள் கட்பீஸ் என்போம். பெரியப்பா அந்த இடத்துக்கும் அதே பெயரை வைத்தார். இன்றுவரை பயணிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே நிற்கும்போது வேறு பல பெயர்களும் சொல்கிறார்கள். அவை அச்சுக்கு ஏற்றவையல்ல.

கட்பீஸ் பல காலம் சும்மாதான் கிடந்தது. அதன் மகிமையை உலகுக்குக் காட்டியது ஒரு கேடயம்.

எந்தக் கோட்டம் நேரம் தவறாமல் ரயில் விடுகிறதோ அதற்கு ஆண்டுதோறும் ஒரு வெள்ளிக் கேடயம் என்று தலைமையகம் அறிவித்தது. போட்டி என்று வந்தபிறகு மனிதமூளை சும்மா இருக்குமா? கிழக்குக் கோட்டம் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தது: ரயில் தங்கள் பலகையை நேரத்துக்குத் தாண்டிவிட்டால் போதும், அதற்குப் பெயர் 'ஒப்படைப்பு'. அப்புறம் அது எங்கே நின்றாலும் கிழக்கின் கணக்கில் வராது. மேற்குக் கோட்டம் இன்னொரு உண்மையைக் கண்டுபிடித்தது: தங்கள் பலகையை ரயில் தாண்டுகிற கணத்திலிருந்துதான் தங்கள் கடிகாரம் ஓடும், அதற்குப் பெயர் 'ஏற்பு'. பாதை காலியாகி, டிரைவர் குளித்துச் சாப்பிட்டு, ஸ்டேஷன் மாஸ்டருக்கு மனசு தெளிந்த பிறகு ஏற்றுக்கொண்டால், ரயில் அம்பு மாதிரி நேரத்துக்குப் போய்ச் சேரும். மாலையில் திரும்பும்போது மேற்கு ஒப்படைக்கும், கிழக்கு யோசிக்கும்.

இடைப்பட்ட நேரம் முழுக்கக் கட்பீஸில். அங்கே கடிகாரத்துக்கு அதிகாரம் இல்லை.

அந்த ஆண்டே இரண்டு கோட்டங்களும் நூற்றுக்கு நூறு. கேடயத்தைக் கிழக்கு அரை ஆண்டு வைத்திருந்து மேற்கிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. கிழக்கு அரை ஆண்டு முடிந்ததும் ரயிலிலேயே வைத்து முறைப்படி ஒப்படைத்துவிட்டது. மேற்கு இன்னும் ஏற்கவில்லை. ஆகவே கேடயம் கட்பீஸில் இருக்கிறது. நிற்கிற ரயிலை நம்பி அங்கே கடை போட்டிருக்கும் டீக்காரர் அதைத் தட்டாக வைத்திருக்கிறார். ஒரே நேரத்தில் நிறைய கிளாஸ் வைக்கலாம், வழுக்காது, ஓரத்தில் வேலைப்பாடு இருக்கிறது என்று அதன் தரத்தை அவர் மிகவும் பாராட்டுவார்.

இந்தப் பெருமைமிக்க வரலாற்றைத்தான் நான் எழுதினேன். எழுதியது பெரிய காரியமல்ல. இரண்டு கோட்டத்து அதிகாரிகளிடமும் அதை ஒப்புக்கொள்ள வைத்ததுதான் காரியம். இப்போதைய கிழக்கு அதிகாரி பெருத்த சரீரம், மெல்லிய குரல். மேற்கு அதிகாரி இதற்கு நேர் எதிர். இருவரும் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்தார்கள்.

"எங்களுக்கு 'மகத்தான சேவை'ன்னு போட்டிருக்கீங்க. அவங்களுக்கு 'மாபெரும் சேவை'ன்னு போட்டிருக்கீங்க. எது பெருசு?" என்றார் கிழக்கு.

"ரெண்டும் ஒரே துணிதான் சார். சாயம்தான் வேற."

"அப்ப எனக்கும் அந்தச் சாயத்தையே குடுங்க."

"அதெப்படி?" என்று மேற்கு எகிறினார். "அப்புறம் எங்களுக்கு என்ன மரியாதை? எங்களுக்கு ஒரு 'ஈடு இணையற்ற' சேர்த்துப் போடுங்க."

"ஈடு மட்டும் போடறேன் சார். இணையை அவருக்குக் கொடுத்திடலாம்."

இருவரும் யோசித்தார்கள். படிந்தது. இன்றும் நூலின் அறுபதாம் பக்கத்தில் 'ஈடற்ற மேற்கு, இணையற்ற கிழக்கு' என்று காணலாம். விமர்சகர்கள் அதைக் கவித்துவம் என்றார்கள்.

ஆனால் நூலின் உச்சம் அதுவல்ல. கடைசி அத்தியாயத்தின் முதல் வரிதான். இரவும் பகலும் செதுக்கிய வரி: 'இத்தடத்தின் எந்தக் கோட்டத்திலும் எந்த ரயிலும் ஒரு நிமிடம்கூடத் தாமதமானதில்லை என்பதை வரலாறு சான்றளிக்கிறது.' இதில் பொய் ஒரு சொட்டு உண்டா? படித்துப் பாருங்கள். இல்லை. கிழிசலை மடித்து வைத்துத் துணி விற்கும் குடும்பத்தில் பிறக்காதவனால் இப்படி ஒரு வரி எழுத முடியாது.

இரு அதிகாரிகளும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். எனக்கு நாற்காலியில் ஒரு சுற்று சுற்ற வேண்டும்போல் இருந்தது. அது அந்தப் பக்கம் சுற்றாது என்பதால் விட்டுவிட்டேன்.

இங்கே என் அக்காவை அறிமுகம் செய்யவேண்டும். நான் அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். சாப்பாடு கீழே, அக்கா கையால். அக்கா எங்கள் ஊர் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். குடும்பத்திலேயே பேரம் பேசத் தெரியாத ஒரே ஆள். கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவாள். அப்பா அவளைப் பற்றி வெளியே பேசமாட்டார். வருஷக்கணக்காக உதவியாளராகவே இருந்தவளுக்குப் பெரிய ஊர் மருத்துவமனையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பரிசோதனைக் கூடத்துக்கே தலைமைப் பொறுப்பு. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"முந்தின நாளே பஸ்ல போய், என் சிநேகிதி வீட்டுல தங்கிக்கறேன்" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. "என்னக்கா இது? ரயில் இருக்கும்போது பஸ்ஸா?"

"அந்த ரயிலா? அது நடுவுல நின்னுடும்டா."

"எந்தக் கோட்டத்துல நின்னுச்சு? சொல்லு பார்ப்போம். என் புத்தகத்தைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன்."

படித்திருந்தாள். நூற்றாண்டு மலரை முழுசாகப் படித்த ஒரே வாசகி அவள்தான் என்று இப்போதும் நம்புகிறேன். ஓரத்தில் பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தாள்.

"கடைசி அத்தியாயம் முதல் வரி என்ன சொல்லுது?"

"ஒரு நிமிஷம்கூடத் தாமதமானதில்லைன்னு சொல்லுது."

"அப்புறம்? தம்பி எழுதினதையே நம்பமாட்டேன்னா ஊர்ல எவன் நம்புவான்? நானும் கூட வர்றேன். பாஸ் சும்மாத்தான் கிடக்கு."

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுக்கிற அதே முகம். "சரிடா. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

குறித்த நாளில் கிளம்பினோம். அக்கா புதுச் செருப்பு போட்டிருந்தாள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மடியில் பிடித்திருந்தாள். ரயில் எங்கள் ஊரிலிருந்து நேரத்துக்குக் கிளம்பியது. செங்கல் சூளையை நேரத்துக்குத் தாண்டியது. 'கிழக்குக் கோட்டம் முடிவு' என்ற பலகையைத் தாண்டியபோது நான் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினேன்.

"பாரு! நிமிஷம் பிசகல."

"ஆமாண்டா" என்று அக்கா சிரித்தாள். ரயில் நின்றது.

கட்பீஸ் அழகான இடம். நாணல், கொக்கு, தவளைச் சத்தம். அனுபவப்பட்ட பயணிகள் பாயை விரித்தார்கள். ஒருவர் முகச்சவரத்துக்குக் கண்ணாடியைச் சன்னல் கம்பியில் மாட்டினார். பேரத்தில் பிறந்த இடம் பேரத்தால் செழித்திருந்தது. வெள்ளரிக்காய் விற்பவர், செருப்பு தைப்பவர், ஜோசியர். ஜோசியரிடம் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

டீக்காரர் வெள்ளிக் கேடயத்தில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வந்தார். "வாங்க வரலாற்று சார்! உங்க புஸ்தகத்துல என்னைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

"நீங்க எந்தக் கோட்டத்துலயும் இல்லையே."

"அதுவும் சரிதான். இன்னிக்கு நல்லா நிக்கும்போல இருக்கு. மேற்குல சரக்கு வண்டி ஒண்ணு புரண்டு கிடக்காம். வாய்க்குள்ள சர்க்கரை போடணும் சொன்னவனுக்கு."

அக்கா டீயைத் தொடவில்லை. இறங்கிப் போய்க் கார்டிடம் கேட்டாள். "ஐயா, எப்பக் கிளம்பும்?"

"எங்க வேலை முடிஞ்சுபோச்சும்மா. நேரத்துக்கு ஒப்படைச்சாச்சு. இனி அவங்க பாடு."

பலகைக்கு அந்தப் பக்கம் மேற்குக் கோட்டத்தின் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அக்கா அங்கே நின்ற, தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஐயா, எங்க ரயிலை எப்ப எடுத்துக்குவீங்க?"

"எந்த ரயில்?"

"இதோ, இந்த ரயில்!"

அவர் ரயிலை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் வரலையேம்மா. வந்ததும் சொல்றேன்."

நான் அக்காவிடம் நிர்வாகத்தின் நுட்பத்தை விளக்கினேன். ரயில் தாமதமாக நிற்கவில்லை, இரண்டு சரியான நேரங்களுக்கு இடையில் நிற்கிறது என்றேன். வெயில் ஏறியது. எட்டரையாக இருந்தது ஒன்பதரையாகி, ஒன்பதரை எதுவாகவும் ஆகாமல் நின்றுவிட்டதுபோல் இருந்தது. அக்கா உறையை இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, சதுப்பு! புதுச் செருப்பு!"

திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு செருப்பைச் சதுப்பு வாங்கிக்கொண்டது. கட்பீஸில் பேரமில்லாமல் கைமாறிய ஒரே பொருள் அதுதான். மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்குப் பலகையைத் தாண்டி, அடுத்த ஊர்வரை நடந்து, ஆட்டோ பிடித்து, முழங்கால் சேற்றோடு அக்கா மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் ரயிலிலேயே வந்து சேர்ந்தேன். மேற்குக் கோட்டத்தில் அது ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை என்பதைப் பதிவுசெய்ய ஒரு சாட்சி வேண்டாமா?

மருத்துவமனைத் தலைவர் நல்ல மனுஷி. அக்காவின் காலைப் பார்த்தார், சான்றிதழ்களைப் பார்த்தார். "இன்னும் யாரையும் முடிவு பண்ணல. ரயில் தாமதம்னு ரயில்வேகிட்டருந்து ஒரு சான்று மட்டும் வாங்கிட்டு வாங்க. இந்த வாரத்துக்குள்ள உங்களுக்குத் தனியா நேர்காணல் வைக்கறேன்" என்றார்.

ஒரு வரிச் சான்று. 'ரயில் தாமதம்.' இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லில் அக்காவின் வேலை தொங்கியது.

கிழக்குக் கோட்டத்தில் கேட்டோம். "நாங்க ஒப்படைச்சது நேரத்துக்கு. தாமதம்னு எப்படி எழுதறது?" மேற்குக் கோட்டத்தில் கேட்டோம். "நாங்க ஏத்துக்கிட்டது நேரத்துக்கு. தாமதம்னு எப்படி எழுதறது?" இரண்டு இடத்திலும் ஆதாரமாக மேஜை டிராயரிலிருந்து ஒரே புத்தகத்தை எடுத்து ஒரே வரியைக் காட்டினார்கள். என் எழுத்துக்கு இப்படி ஒரு பரவலான வாசிப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அட்டையைத் தடவிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

அக்கா தலைமையகத்துக்கு எழுதினாள். அந்த வாரக் கடைசியிலேயே விசாரணை வைத்தார்கள். நீண்ட மேஜை, பச்சை விரிப்பு, மூடி போட்ட தண்ணீர்க் கிளாஸ்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகும் மின்விசிறி. நடுவில் தலைமையக அதிகாரி. இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. சுவரோரம் ஒரு மர நாற்காலியில் அக்கா. 'வரலாற்று நிபுணர்' என்ற முறையில் எனக்கு மேஜையிலேயே இடம் போட்டிருந்தார்கள்.

"கிழக்கு நேரத்துக்கு ஒப்படைச்சீங்க. மேற்கு நேரத்துக்கு ஏத்துக்கிட்டீங்க. சரி. நடுவுல மூணு மணி நேரம் ரயில் எங்கய்யா இருந்துச்சு?" என்றார் தலைமையக அதிகாரி.

மின்விசிறி ஒருமுறை முனகியது. "நிபுணர் சொல்லட்டும்" என்றார் கிழக்கு. "ஆமா, அவர்தான் சொல்லணும்" என்றார் மேற்கு. அவர்கள் வாழ்க்கையில் பேரமில்லாமல் ஒத்துப்போன முதல் இடம்.

நான் எழுந்தேன். 'கட்பீஸில் நின்றது, தாமதம்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சு. சொன்னால் அக்காவுக்கு வேலை. கூடவே கடைசி அத்தியாயம் போகும். என் அறை வாசல் பலகை போகும். பாஸ் போகும். நாற்காலி போகும். ஒரு பக்கம்தான் சுழலும் என்றாலும் நாற்காலி நாற்காலிதானே? ஒரு சாதாரண மனிதனாக இருந்தால் தடுமாறியிருப்பான். நான் பெரியப்பாவின் பரம்பரை. இரு தரப்பும் கேட்டதை முழுசாகப் பெறும் வழி ஒன்று இருந்தே தீரும் என்று எனக்குத் தெரியும்.

"ஐயா," என்றேன், "கட்பீஸ் எந்தக் கோட்டத்திலும் இல்லாததுதான் பிரச்சினையின் வேர். அதற்கென்று 'நடுக்கோட்டம்' என்று தனியாக ஒன்று அமைக்க வேண்டும்."

மூன்று முகங்களும் மலர்ந்தன. புதிய கோட்டம் என்றால் புதிய அதிகாரி, புதிய கட்டடம், புதிய வரலாறு. கிழக்கும் மேற்கும் உடனே சம்மதித்தார்கள், நடுக்கோட்டத்தின் பலகைகள் தங்கள் பலகைகளிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. ஒரு கட்பீஸ் இருந்த இடத்தில் இரண்டு சின்ன கட்பீஸ்கள் உருவாகின. டீக்காரர் கிளை திறக்கிறாராம்.

"அப்ப இந்தம்மாவுக்கு நடுக்கோட்டமே தாமதச் சான்று கொடுத்துடலாமா?" என்றார் தலைமையக அதிகாரி.

"அது நாளைக்குத்தான் பிறக்குது சார். பிறக்கறதுக்கு முன்னால நடந்ததுக்கு அது எப்படிப் பொறுப்பாகும்?" என்றார் கிழக்கு. நியாயமான கேள்வி.

"ஆனா இவங்களுக்கு ஏதாவது ஒரு சான்று கொடுத்துத்தானே ஆகணும்?"

"கொடுக்கலாம் சார். வாசகத்தை நான் எழுதறேன்" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கிழக்கு ஒரு சொல்லை வெட்டச் சொன்னார். மேற்கு ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். நான் இங்கே கொஞ்சம் விட்டேன், அங்கே கொஞ்சம் பிடித்தேன். கடைசியில் மூன்று கையெழுத்தும் விழுந்தன. வாசகம் இது: 'ரயில் நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்றும், அதில் வந்த பயணி மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தார் என்றும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

கவனித்தீர்களா? 'தாமதம்' என்ற சொல் உள்ளே வந்துவிட்டது! நூறு ஆண்டு வரலாற்றில் அந்தச் சொல்லை ரயில்வேயின் கையெழுத்தோடு வாங்கிய முதல் மனிதன் நான். பெருமை தாங்காமல் சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். மர நாற்காலி காலியாக இருந்தது. அக்கா எப்போதோ எழுந்து போயிருந்தாள்.

அன்று மாலை சான்றை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா சமையலறை வாசலில் நின்றபடியே படித்தாள். ஒரு முறை படித்தாள். மடித்தாள். என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை. பேரம் பேசத் தெரியாதவர்களிடம் இதுதான் சங்கடம், எந்த விலையில் நிற்கிறார்கள் என்று தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குக் காட்டலாம்ல அக்கா?"

"சொல்லியாச்சு. சாயந்திரம் போன்லயே வாசகத்தைக் கேட்டாங்க. உங்க ஆபீஸ்ல கேட்டு அப்படியே சொன்னேன். வேற ஆளை எடுத்துக்கறாங்களாம்."

"அடடா" என்றேன். வேறென்ன சொல்வது? வரலாறு தனிமனிதர்களைப் பார்த்து நடப்பதில்லை.

மாடிக்குப் போய் நடுக்கோட்டத்தின் வரலாற்றுக்கு முன்னுரை எழுத ஆரம்பித்தேன். வழக்கமாகச் சாப்பிடக் கூப்பிடும் குரல் வரவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. இரண்டு பங்காகக் குரல் கொடுத்துப் பார்த்தேன். எழுந்து மாடிப்படியின் உச்சியில் நின்று கீழே பார்த்தேன். சரியாகப் பாதிப் படியில், வளைவில், என் தட்டு இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அதைத் துடைத்து முடித்துவிட்டு மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா! என்ன இது? சாப்பாடு எங்கே?"

அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். படிக்கட்டின் கீழ் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"சமையலறை நேரத்துக்கு ஒப்படைச்சுடுச்சுடா. மாடி எப்ப ஏத்துக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? சாப்பாடு நேரத்துக்குத்தான் வந்துச்சு. சாப்பிட வந்தவன் மட்டும்தான் தாமதம். வேணும்னா எழுதி வாங்கிக்கோ. இந்த மாதிரிச் சான்று அருமையா எழுதற ஆள் மாடியிலேயே குடியிருக்கான்."